தாசில்தாருக்கு மூத்திரம் நின்ற நாட்கள்

பூனைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மனிதர்களுக்குக் கெட்டதையே நாங்கள் ‘கால் வீங்கிச் செத்தார்’ என்றுதான் சொல்லி வந்தோம். பூனைக்கு முடியவில்லை என்றால் எங்களுக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டு. நாய் கடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ மருந்து வைத்திருக்க வேண்டும். எங்கள் தாசில்தாரை நாய் கடிக்கவில்லை. அதனால் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தோம். பூனை வளர்க்கிறவர்களுக்கு உதவுமே என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சுனாமிக்கு முந்தைய வருஷம் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் எங்கள் வீடு. அம்மா அஞ்சலை, அண்ணன் ஏழுமலை, அண்ணி, அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை, நான். அண்ணன் சுற்றுலாக்காரர்களுக்குக் கார் ஓட்டுகிறவர். நான் நாவலூரில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். என்னைப் படிக்க வைத்ததற்கே காரணம் சந்தேகம். அப்பா ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார், எங்கள் படகு இன்னொருவருடைய படகாகிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் வருகிற எந்தக் காகிதத்தையும், டப்பாவையும், பாட்டிலையும் படித்துப் பார்ப்பது என் வேலை. படித்து முடித்தபின், “வேற இன்னா போட்டுக்கீது? பின்னாடி பாரு” என்பார் அம்மா. பின்னாலும் பார்ப்பேன்.

தாசில்தார் மூன்று வயதுக் கடுவன் பூனை. சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் வெள்ளை. காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வசூல் செய்துவிட்டுத்தான் வீடு திரும்பும் என்பதால் அம்மா வைத்த பெயர். நான் கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்தபோது புத்தகத்தின் மேலேயே படுத்துக் கிடக்கும். அதை நகர்த்தி நகர்த்தித்தான் நான் டிகிரி வாங்கினேன். அதனால் வீட்டில் எல்லாருக்கும் அது என் பூனை.

அந்த வாரம்தான் அண்ணன் தன் பழைய அம்பாசிடரைத் தள்ளிவிட்டு, நாவலூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவரிடம் புதிய மாதிரி கார் ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கிய மறுநாளே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டதும் கொடுத்துவிட்டாரே, பேரம்கூடப் பேசவில்லையே, உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது என்று காரின் முன்மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது தாசில்தார் பின்கட்டிலிருந்து நடந்து வந்தது. பின்னங்கால்கள் ஒரு பக்கம் போயின, முன்னங்கால்கள் வேறு பக்கம். சுவரில் இடித்துக்கொண்டு நின்று என்னையே பார்த்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“தாசில்தாரு ஃபுல்லா ஏத்திகினு வர்றாருடா. எவன்கிட்ட வசூல் பண்ணாரோ.”

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனோடு கார் ஓட்டுகிற நண்பர்கள் யாராவது விளையாட்டுக்குப் பீர் ஊற்றியிருப்பார்கள் என்று அவர்களை வரிசையாகத் திட்டினார். பூனை நிறையத் தண்ணீர் குடித்தது, ஒருமுறை வாந்தி எடுத்தது, தூங்கிவிட்டது. மறுநாள் தள்ளாட்டம் போய்விட்டது. கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். போதை தெளிந்துவிட்டது என்றோம். பூனை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த ஒரு நாள் தெளிவு உண்மையானதல்ல. வெளியே தள்ளாட்டம் நின்றபோதுதான் உள்ளே கெடுதல் வேலையைத் தொடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அது பின்கட்டில் குந்தியபடி, முதுகை வளைத்துக்கொண்டு, எதிரே இருந்த மீனைப் பார்க்காமல் இருந்தது. கிட்டே போனேன். வாயிலிருந்து மூத்திர வாடை அடித்தது. வழக்கமாக ஒண்ணுக்குப் போய் மூடி வைக்கிற மணலைக் கிளறிப் பார்த்தேன். அடி வரைக்கும் காய்ந்திருந்தது.

அம்மா நேராகத் தெருவுக்குப் போனார். எதிர் வீட்டு தனலட்சுமி அக்கா கருவாடு வியாபாரம் செய்கிறவர். வீட்டுக்கு முன்னால் பழைய வலையை விரித்து மீன் காயப்போடுவார். தாசில்தாரின் வசூலில் பெரும்பங்கு அந்த வலையிலிருந்துதான். போன வாரம்தான் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு, ஒருநாள் மருந்து வைத்துத்தான் உன்னை அனுப்பப்போகிறேன் என்று பூனையைப் பார்த்துச் சொன்னார். தெருவே கேட்டது. அம்மா ஒரு பிடி மண்ணை வாரி அவர் வாசலில் தூற்றி, வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைத்த கை அழுகும் என்று சாபம் கொடுத்தார்.

தனலட்சுமி அக்கா பதில் சண்டை போடவில்லை. உள்ளே போய்ச் சூடம் எடுத்து வந்து வாசற்படியில் ஏற்றினார்.

“நல்லா பாத்துக்க அஞ்சல. நான் வெச்சிருந்தா இந்தக் கை வெந்து போவட்டும்” என்று எரிகிற சூடத்தின் மேல் கையை வைத்து அணைத்தார். “இன்னையோட உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல.”

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் ஊரில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. கூட்டம் கலைந்தது. நான் மட்டும் அவர் அணைத்தது இடது கை என்பதைப் பார்த்துவிட்டேன். இடது கைச் சத்தியம் செல்லுமா என்று யோசித்தபடியே, வலையின் ஓரத்தில் கிடந்த இரண்டு கருவாட்டுத் துண்டுகளை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

மெக்கானிக் வருவதற்குக் காத்திராமல், சந்தேகத்துக்குரிய அந்தக் காரிலேயே அண்ணன் என்னையும் பூனையையும் ஏற்றினார். பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்தில் இருந்த டாக்டர் பசு மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து பூனையின் இடுப்பை இரண்டு பக்கமும் அழுத்தினார். அது முனகியது. கிட்னி இரண்டும் வீங்கியிருக்கிறது, மூத்திரப்பை காலியாக இருக்கிறது, இரத்தப் பரிசோதனை வேண்டும், செங்கல்பட்டுக்குப் போங்கள் என்றார். எந்த டாக்டரிடம் போவது என்றும் அவரே சொன்னார். அவர் ஏன் குறிப்பாக ஒரு பெயரைச் சொல்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் என்ன ஏற்பாடு என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

செங்கல்பட்டில் அது இரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் முன்பகுதி. நாங்கள் போனபோது வரிசையில் ஒரு ஆட்டுக்குட்டியும் ஒரு பொமரேனியன் நாயும் இருந்தன. நாயை வைத்திருந்த பெண்மணி அணுமின் நிலையத்து டவுன்ஷிப்பில் குடியிருக்கிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. என் மடியிலிருந்த சாக்குப் பையையும் அதில் நீட்டிக்கொண்டிருந்த தலையையும் பார்த்துவிட்டு நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தெருப் பூனைக்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று நினைக்கிறார் என எனக்குக் கோபம். கொஞ்ச நேரம் கழித்து அவர் தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

“சாக்கு குத்தும் தம்பி. இதுல சுத்தி வைங்க. எங்க முறையில நீங்க முதல்ல போங்க.”

வாங்கிக்கொண்டேன். துண்டில் நாய் முடி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசாதவர். பூனையின் முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து இரத்தம் எடுத்தார். அதை மனிதர்களுக்கான பரிசோதனைக் கூடத்துக்குத்தான் நான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் பேஷண்ட் பெயர் என்ன என்றார். தாசில்தார் என்றேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, மற்ற குழாய்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு எங்கள் இரத்தத்தை முதலில் எடுத்துக்கொண்டார். வயதைச் சொன்ன பிறகுதான் குழப்பமானார். முடிவு வந்ததும் இது வேறு யாருடைய இரத்தமோ என்று எனக்குப்பட்டது. ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். அதே முடிவுதான்.

கிரியாட்டினின் என்ற சொல்லை அன்றுதான் கேள்விப்பட்டேன். உடம்பு வேலை செய்யும்போது இரத்தத்தில் சேர்கிற குப்பை அது. சிறுநீரகம் அதை வடிகட்டி மூத்திரத்தில் அனுப்பிவிட வேண்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் குப்பை இரத்தத்திலேயே சுற்றும், வாயில் புண் வரும், வாந்தி வரும், மூச்சில் மூத்திர வாடை வரும். தாசில்தாரின் இரத்தத்தில் இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு இருந்தது. வயசான பூனைகளுக்கு இது மெல்ல மெல்ல வரும், இவ்வளவு சின்ன வயதில் திடீரென்று வந்தால் ஏதோ விஷம் உள்ளே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம் என்றார் டாக்டரம்மா.

நான் பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வைத்தேன். அவிழ்த்து முகர்ந்து, விரலால் உடைத்துப் பார்த்தார். இது நல்ல கருவாடு, இதில் அப்படி எதுவும் தெரியவில்லை, யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள் என்றார். அம்மா மண் தூற்றிவிட்டதை நான் சொல்லவில்லை.

பிறகு டிரிப்ஸ் ஏற்ற ஆரம்பித்தார். அவர் திரும்பியிருந்த நேரத்தில் நான் பாட்டிலைத் திருப்பி, காலாவதித் தேதியையும் அதில் எழுதியிருந்த உப்புக் கணக்கையும் படித்தேன். பின்னாலும் பார்த்தேன். நிமிர்ந்தால் டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“படிச்சீங்களா? சரியா இருக்கா?”

“இருக்கு டாக்டர்.”

“நல்லது. இனிமே ஒவ்வொரு பாட்டிலும் நீங்களே படிச்சிட்டு எங்கிட்ட குடுங்க.”

கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த பாட்டிலை உண்மையாகவே என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

மூத்திரப்பையில் தங்கியிருந்த சில சொட்டுகளை மெல்லிய ஊசியால் எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, உங்கள் வீட்டில் வண்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். கார் இருக்கிறது என்றார்.

“ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட்டு, பச்சையா, சில சமயம் ரோஸா இருக்கும். அது எங்கயாவது கொட்டிக் கிடந்துதா? வாயில பட்டா இனிக்கும். பூனை நக்கும்.”

அண்ணன் கையால் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“கொட்டல டாக்டரம்மா. நான்தான் புடிச்சி வெச்சிக்கீறேன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். அம்பாசிடருக்கு அவர் இத்தனை வருஷமும் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லாருமே அப்படித்தான். இதில் பளபளவென்று பச்சைத் தண்ணீர் இருந்தது. எங்கேயோ ஒழுகுகிறது, அதை மறைக்கச் சாயம் கலந்து ஊற்றி நம் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்துவிட்டார். மொத்தத்தையும் கீழே திறந்து விட்டு, மெக்கானிக்கிடம் காட்டி நியாயம் கேட்பதற்காக ஒரு பேசினில் பிடித்து, பின்கட்டில் ஓலைக் கீற்றுக்குக் கீழே வைத்தார். காருக்கு நல்ல தண்ணீர் ஊற்றினார். ஏமாற்றப்பட்டதற்கு ஆதாரம் கையில் இருக்கிறது என்ற நிம்மதியில் இருந்தார்.

“அந்தப் பேசின் இப்ப எங்க?” என்றார் டாக்டரம்மா.

வீட்டில் என்று சொல்லும்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் குழந்தையின் நினைப்பு வந்தது. கையில் எது கிடைத்தாலும் அள்ளிக் குடிக்கிற வயது அதற்கு. எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டில்தான் போன் இருந்தது, தனலட்சுமி அக்கா வீட்டில். வியாபாரத்துக்காக வைத்திருந்தார். எதிர்க்கடை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி எண்ணை அழுத்தினேன். அவர்தான் எடுத்தார். குரலை அடையாளம் தெரிந்துகொண்டார்.

“இன்னா கம்பூட்டரு, டாக்டரு இன்னா சொன்னாரு? நான்தான் வெச்சேன்னு எழுதிக் குடுத்துட்டாரா?”

நான் பின்கட்டு, கீற்று, பேசின், பச்சைத் தண்ணீர், குழந்தை என்று எந்த வரிசையிலும் இல்லாமல் சொன்னேன். ரிசீவர் மேசைமேல் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு தெருச் சத்தம் மட்டும். அவர் போகிறாரா, வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறாரா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அண்ணன் பூத்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் மூச்சு வாங்குகிற சத்தத்தோடு அவர் குரல் வந்தது.

“புள்ள தூங்கிகினு கீது. பேசினு மேல கீத்து மூடினாப்போலதான் இருக்குது, ஒரு ஓரம் மட்டும் நகந்துக்கீது. குழி தோண்டி ஊத்தி மூடிட்டேன். பேசினையும் ஒடச்சிட்டேன்.”

“அலுமினியப் பேசின் ஆச்சே அக்கா, எப்படி ஒடச்சீங்க” என்று நான் கேட்டேன். என் வாய் அப்படி.

“கல்ல போட்டு நசுக்கினேன்டா, நம்பாட்டி வந்து பாரு” என்று போனை வைத்துவிட்டார்.

திரும்பி வந்ததும் டாக்டரம்மா விளக்கினார். அந்தத் தண்ணீர் குடித்தவுடன் போதையைத்தான் தரும். உடம்பு அதைச் செரிக்கத் தொடங்கும்போது அது அமிலமாக மாறி, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத முள்முள்ளான துகள்களாகிறது. அவை சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களில் போய்ச் செருகிக்கொள்கின்றன. அந்தத் துகள்களைத்தான் அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார். தள்ளாடிய உடனே தூக்கி வந்திருந்தால், சாராயச் சத்தையே டிரிப்ஸில் கலந்து ஏற்றுவார்களாம். உடம்பு சாராயத்தைச் செரிப்பதில் மும்முரமாக இருக்கும்போது விஷம் மாறாமல் வெளியே போய்விடுமாம். இப்போது அந்த நேரம் தாண்டிவிட்டது.

“அன்னிக்கு நான் சிரிச்சிகினு இருந்தேனே” என்றார் அண்ணன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பேசுவதே குறைந்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. வயிற்றுக்குள் குடலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வயிற்றில் சிறு குழாய் செருகி, சுத்தமான உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்தால் இரத்தத்திலிருக்கும் குப்பை சவ்வு வழியாக அந்தத் தண்ணீருக்குள் கசிந்து வரும். பிறகு அதை வெளியே வடித்துவிட வேண்டும். மறுபடி விட வேண்டும், மறுபடி வடிக்க வேண்டும். சிறுநீரகத்துக்கு ஓய்வு கொடுத்து, அது தானாக விழிக்கிறதா என்று பார்ப்பதுதான் இது. பெரும்பாலும் விழிக்காது என்றும் சொன்னார். விழித்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒண்ணுக்குப் போகும் என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தின் ஒரே கவலை ஒரு பூனையின் மூத்திரம். நான் அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். வீட்டில் ஒருவருக்கு முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். பகல் முழுக்க டாக்டரம்மா தண்ணீரை விடுவார், வடிப்பார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகும்போது, அங்கே இரவு வைத்துக்கொள்ள வசதி இல்லாததால், தாசில்தாரைக் காரின் பின் சீட்டில் அண்ணனின் லுங்கியை மடித்து அதன்மேல் படுக்க வைத்துக்கொண்டு வாசலிலேயே இருந்துவிடுவோம். அண்ணி காலை முதல் பஸ்ஸில் ஓட்டுநரிடம் இட்லிப் பொட்டலம் கொடுத்தனுப்புவார். ஒருநாள் அதில் ஒரு சின்னப் பொட்டலம் தனியாக இருந்தது. பிரித்தால், முள் எடுத்து மசித்த அவித்த மீன். பூனை அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணன் அதைத் தூக்கிப் போடவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. நாள் முழுக்க டாஷ்போர்டின் மேலேயே வைத்திருந்தார்.

செலவு எவ்வளவு ஆகிறது என்று நான் கேட்கும்போதெல்லாம் அண்ணன் பேச்சை மாற்றினார். டாக்டரம்மா எங்களை வைத்துச் சம்பாதிக்கிறாரோ என்று இரண்டாம் நாள் எனக்கு வந்தது. பிழைக்காது என்று தெரிந்தே இழுக்கிறாரோ? இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் பூனையின் உலர்ந்த வாயில் பஞ்சை நனைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

“சந்தேகப்பட்டது போதும்டா. அதுலதான இது படுத்துக்கீது.”

ஆனால் என்னால் நிறுத்த முடியவில்லை. வடிந்து வருகிற தண்ணீர், உள்ளே போனதைவிடக் குறைவாக இருக்கிறதே என்று கேட்டேன். டிரிப்ஸ் போன கால் வீங்குகிறதே என்று கேட்டேன். மூத்திரம் போகாத உடம்பில் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருந்தால் அது எங்கே போகும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் டாக்டரம்மா நின்று பதில் சொன்னார். நல்ல கேள்வி, நுரையீரலுக்குப் போகும், மூச்சுத் திணறும், அதனால்தான் இனிமேல் டிரிப்ஸைக் குறைக்கப்போகிறேன் என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் பூனையை நெடுநேரம் தடவிப் பார்த்தார். மூத்திரப்பை காலியாகவே இருந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“நாளைக்குக் காலை வரைக்கும் பார்ப்போம். அப்பவும் போகலன்னா இழுத்துக்கினு போக வேணாம். வலிக்காம அனுப்பி வெச்சிடலாம். யோசிச்சி வைங்க.”

அண்ணன் பூனையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்.

விடியும்போது அவர் என் தோளைத் தட்டி எழுப்பினார். பின் சீட்டில் பூனையின் அருகில், அதே லுங்கியில், ஓரமாகச் சுருண்டு படுத்திருந்தார்போல. லுங்கியின் நடுவில் ஈரம் இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு.

வயிற்றுக் குழாய் ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் கசிந்திருக்கிறது என்றேன். நேற்று நிறைய விட்டார்கள், வடிந்தது குறைவு, மிச்சம் எங்கேயோ வந்துதான் ஆக வேண்டும் என்றேன். குழாயைச் சுற்றிப் போட்டிருந்த துணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். கட்டும் லேசாக ஈரமாகத்தான் இருந்தது. அண்ணன் விரலால் லுங்கியைத் தொட்டு முகர்ந்தார்.

“உப்புத் தண்ணிக்கு இந்த நாத்தம் எங்கடா வரும்?”

அதன் உடம்பு முழுக்கவே அந்த வாடைதான் அடிக்கிறது, எது பட்டாலும் நாறும் என்றேன். ஆசைப்பட்டு ஏமாறக் கூடாது என்ற பயம் எனக்கு. அண்ணன் என்னோடு வாதாடவில்லை. ஈரம் காய்ந்துவிடக் கூடாது என்று லுங்கியின் அந்த இடத்தை மட்டும் பொத்திப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா வீட்டு கேட் திறக்கிற வரைக்கும் அதன் முன்னால் நின்றார். பால் பாக்கெட் போடுகிறவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா இரவு உடையோடு வந்து கேட்டைத் திறந்தார். அண்ணன் லுங்கியை நீட்டினார். அவர் குனிந்து முகர்ந்தார். பிறகு காருக்கு வந்து பூனையின் அடிவயிற்றை இரண்டு விரல்களால் மெதுவாக அழுத்தினார். பின்னங்கால்களுக்கு நடுவில் மெல்லிய கோடாக ஒன்று எட்டிப் பார்த்து, சீட்டில் வழிந்தது. அதை ஒரு பஞ்சில் ஒற்றி எடுத்தார்.

“நிச்சயமா அதுதானா டாக்டர்?” என்றேன்.

பஞ்சை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “இதையும் படிச்சிப் பாருங்க.”

முகர்ந்தேன். குமட்டியது. சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அடைப்பு விட்டபின் சில நாட்கள் கட்டுக்கடங்காமல் மூத்திரம் போயிற்று. அப்போதுதான் உடம்பு உலர்ந்துபோகும் ஆபத்து என்று திரும்பவும் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கிரியாட்டினின் மெதுவாக இறங்கியது, ஒரு இடத்துக்கு மேல் இறங்கவே இல்லை. போன சிறுநீரகம் போனதுதான், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், எத்தனை நாள் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டரம்மா. உப்பு மீன் கூடவே கூடாது. இதை எழுதும்போதும் தாசில்தார் வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. முன்னைவிட அதிகம் குடிக்கிறது, மெலிந்திருக்கிறது, வசூலுக்குப் போனால் நான்கைந்து வீடுகளோடு திரும்பிவிடுகிறது. வண்டி வைத்திருப்பவர்கள் ரேடியேட்டரைத் திறந்தால் அந்தத் தண்ணீரை வாய் குறுகிய கேனில் பிடித்து மூடிவிடுங்கள். பூனை தள்ளாடி நடந்தால் சிரிக்காமல் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு போங்கள். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான்.

அன்று காலை நான் மறுபடி எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் தனலட்சுமி அக்காவிடம்தான் சொல்ல வேண்டும். அவரே எடுத்தார்.

“அக்கா, பூனை ஒண்ணுக்குப் போச்சு.”

அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அப்புறம் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே தெருவைப் பார்த்து அவர் கத்துவது கேட்டது.

“ஏ அஞ்சல, உன் பூன மூத்திரம் வுட்டுச்சாம். வா, உம் புள்ள பேசுறான்.”

செருப்பில்லாத கால்கள் ஓடி வருகிற சத்தம். ரிசீவர் கை மாறியது. அம்மா எதிர் வீட்டுக்காரி காதில் விழாதபடி வாயைப் பொத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இவ சொல்றது நெசமாடா? நீ மோந்து பாத்தியா?”

பார்த்தேன்மா என்றேன்.